விலையை விடுங்கள், நம்பரைப் பாருங்கள்!

கேள்வி – பதில்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஸ்பார்க் பிளக் பற்றியவை. சிலாபம் நகரத்து த்ரீவீல்காரர், மாதம்பைத் தென்னந்தோட்டக்காரர், உடப்புப் படகுக்காரர் என்று கரையோரம் முழுக்க ஒரே சந்தேகம்தான். ஆகவே இன்றைக்கு முழுப் பக்கமும் பிளக்குக்கே.

*

கேள்வி: நிக்கல், பிளாட்டினம், இரிடியம். இந்த மூன்றில் எது நல்ல பிளக்? சுற்றிவளைக்காமல் சொல்லுங்கள்.
– வாசகர், சிலாபம்

பதில்: உங்கள் எஞ்சினைச் செய்தவர்கள் கைநூலில் எந்த நம்பரைப் போட்டிருக்கிறார்களோ, அதுதான் நல்ல பிளக்.

*

கேள்வி: அப்படியானால் மூன்று வகை எதற்கு? என்னதான் வித்தியாசம்?
– ஆசிரியை, மாரவில

பதில்: முனையின் தடிப்பிலும் தேய்மானத்திலும்தான் வித்தியாசம், டீச்சர். பிளக்கின் நடு முனையிலிருந்து பக்கத்துக் கொம்புக்குப் பொறி தாவ இருபதாயிரம் வோல்ட் வரை, சில வேளை அதற்கு மேலும் தேவைப்படும். தாவுகிற ஒவ்வொரு பொறியும் முனையில் துளியளவு உலோகத்தை அரித்துக்கொண்டு போகிறது. எந்த உலோகம் சூட்டுக்கு அதிகம் தாக்குப்பிடிக்கிறதோ அது மெதுவாகத் தேயும்.

நிக்கல் 1,455 பாகை செல்சியஸில் உருகும். பிளாட்டினம் 1,768 பாகையில், இரிடியம் 2,446 பாகையில். அதனால்தான் நிக்கல் முனையைச் சுமார் 2.5 மில்லிமீற்றர் தடிப்பாகச் செய்கிறார்கள். இரிடியத்தை 0.4 முதல் 0.7 மில்லிமீற்றர் வரை ஊசிபோல மெலிதாக்கலாம். நிக்கலை அவ்வளவு மெலிதாக்கினால் அது சீக்கிரமே தேய்ந்து தீர்ந்துவிடும். பிளாட்டினம் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது.

மெல்லிய முனையால் இரண்டு நன்மை. ஒன்று, குறைந்த வோல்ட்டிலேயே பொறி தாவும். மற்றது, அப்போதுதான் பிறந்த சுவாலையின் சூட்டைத் தடித்த உலோகம் உறிஞ்சி அணைத்துவிடும் ஆபத்துக் குறைவு. ஆகவே எஞ்சின் குளிர்ந்து கிடக்கும் காலையிலும் சட்டென்று பற்றும். ஆயுளைக் கேட்டால், நிக்கல் ஏறத்தாழ 20,000 கிலோமீற்றர். மற்ற இரண்டும், வகையைப் பொறுத்து, அதைப்போல ஐந்து மடங்கு வரை. ‘கூடுதல் பவர்’ என்ற பேச்சு இந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

*

கேள்வி: கராஜில் ‘கொப்பர் பிளக்’ என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். அது நாலாவது வகையா?
– வாசகர், வென்னப்புவ

பதில்: இல்லை, அதுவும் நிக்கல் பிளக்தான். பொறி தாவும் முனை நிக்கல் கலப்புலோகம். உள்ளே சூட்டைக் கடத்துவதற்காகச் செம்புக் கம்பி ஓடுகிறது. அதே செம்பு இன்றைய பிளாட்டினம், இரிடியம் பிளக்குகளின் உள்ளேயும் இருக்கிறது.

*

கேள்வி: என்னிடம் சுசுகி அல்டோ 800 இருக்கிறது. இரிடியம் போட்டால் லீற்றருக்கு இரண்டு கிலோமீற்றராவது கூடுதலாக ஓடும் என்கிறார் ஒரு நண்பர். போடலாமா?
– அரச ஊழியர், பங்கதெனிய

பதில்: நண்பர் சொல்வது பழைய பிளக்கைக் கழற்றிய அன்றைய அனுபவம். தேய்ந்த பிளக்கை எடுத்துவிட்டு எந்தப் புதுப் பிளக்கைப் போட்டாலும் வண்டி துள்ளத்தான் செய்யும். புது நிக்கலுக்கும் புது இரிடியத்துக்கும் இடையில், நல்ல நிலையில் இருக்கும் எஞ்சினில், ஓட்டுகிறவருக்குத் தெரிகிற வித்தியாசம் பெரும்பாலும் இல்லை.

உங்கள் வண்டியில் மூன்று சிலிண்டர், மூன்று பிளக். கழற்றுவதும் இலகு. கைநூல் நிக்கல் என்றால் நிக்கலையே போட்டு, கைநூல் சொல்லும் கிலோமீற்றருக்கு ஒருமுறை தவறாமல் மாற்றுங்கள். மிச்சப்படும் காசில் எயார் பில்டரை மாற்றினால் எரிபொருள் இன்னும் நன்றாக எரியும். இரிடியம் போட்டால் கேடு ஒன்றும் இல்லை, சூட்டு நம்பரும் மரை நீளமும் (இரண்டையும் கீழே சொல்கிறேன்) பொருந்தினால் போதும். ஆனால் இரண்டு கிலோமீற்றரை எதிர்பார்த்துப் போடாதீர்கள்.

*

கேள்வி: என் பிரச்சினை தலைகீழ். டொயோட்டா அக்வா ஹைபிரிட். ‘இரிடியம் விலை கூட, நிக்கல் போட்டுத் தருகிறேன், அதுவும் ஓடும்’ என்கிறார் கராஜ் பாஸ். சம்மதிக்கலாமா?
– வர்த்தகர், சிலாபம்

பதில்: சம்மதிக்காதீர்கள். ஹைபிரிட் வண்டியில் எஞ்சின் ஒரே பயணத்தில் பல தடவை நின்று பல தடவை எழும்பும். சிலாபம் நகரத்துக்குள் பஸ் நிலையம் தாண்டி, மீன் சந்தைப் பக்கம் ஊர்ந்து போகும்போது எத்தனை தடவை எஞ்சின் அணைந்து பற்றுகிறது என்று கவனித்துப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் முதற்பொறியிலேயே பற்ற வேண்டும். மெல்லிய முனைக்கு அங்கேதான் வேலை.

இன்னொன்று, நிக்கல் முனை தேயத் தேய இடைவெளி அகலும். அகன்ற இடைவெளியைத் தாண்ட கொய்ல் கூடுதல் வோல்ட்டைத் தள்ள வேண்டும். உங்கள் எஞ்சினில் ஒவ்வொரு பிளக்குக்கும் தலைமேல் தனித்தனிக் கொய்ல். பிளக்கில் மிச்சம் பிடித்த காசு கொய்லில் போகும். சில ஹைபிரிட் மாதிரிகளில் முன்கண்ணாடித் துடைப்பானுக்குக் கீழே உள்ள தகட்டையும் கழற்றினால்தான் பிளக்குக்குக் கை எட்டும். 20,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை அந்தக் கூலியைக் கொடுப்பீர்களா? அல்டோக்காரருக்கு நிக்கல், உங்களுக்கு இரிடியம். சட்டம் ஒன்றுதான்: கைநூல் சொன்னபடி.

*

கேள்வி: இரிடியம் என்றால் ஒரு லட்சம் கிலோமீற்றர் நிச்சயமா?
– வாடகைக் கார் ஓட்டுநர், நாத்தாண்டிய

பதில்: நிச்சயம் இல்லை, அண்ணன். இரிடியத்திலேயே இரண்டு சாதி உண்டு. ஒன்றில் நடு முனை இரிடியம், எதிரே உள்ள கொம்பிலும் ஒரு பொட்டு பிளாட்டினமோ இரிடியமோ ஒட்டியிருக்கும். ஒரு லட்சம் ஓடுவது இந்த இரட்டை முனைச் சாதி. மற்றதில் நடு முனை மட்டும் இரிடியம், கொம்பு வெறும் நிக்கல். நடு முனை அப்படியே இருக்கும், கொம்பு தேய்ந்துவிடும். சட்டென்று பற்றுவதற்காகச் செய்த பிளக் அது. நீண்ட ஆயுளை அதனிடம் கேட்கக்கூடாது. கடையில் பெட்டியைத் திறந்து கொம்பின் உட்புறத்தைப் பாருங்கள். பளபளவென்று ஒரு பொட்டுத் தெரிகிறதா என்பதில்தான் விலை வித்தியாசமே இருக்கிறது.

ஒரு லட்சம் கிலோமீற்றர் என்றால் லேசான காரியம் இல்லை. சராசரி மணிக்கு 50 கிலோமீற்றர் என்று வைத்தால் 2,000 மணித்தியால ஓட்டம். நிமிடத்துக்கு 2,500 சுற்றில் ஒரு பிளக் 1,250 தடவை பொறி விடும். பெருக்கிப் பாருங்கள், 15 கோடிப் பொறி!

*

கேள்வி: த்ரீவீலுக்கு 6ஆம் நம்பர் பிளக். 8 போட்டால் இழுவை கூடும் என்கிறார்கள். உண்மையா?
– த்ரீவீல் ஓட்டுநர், சிலாபம் பஸ் நிலையம்

பதில்: பொய். அந்த நம்பர் இழுவைக்கு இல்லை தம்பி, சூட்டுக்கு. எரியறைக்குள் நிற்கும் பிளக் முனை எவ்வளவு வேகமாகத் தன் சூட்டைச் சிலிண்டர் ஹெட்டுக்குக் கடத்துகிறது என்பதைத்தான் அது சொல்கிறது. என்.ஜி.கே.யிலும் டென்சோவிலும் நம்பர் ஏற ஏறப் பிளக் குளிரானது. பொஷ், சாம்பியன் கம்பனிகளில் நேர்மாறு, ஏற ஏறச் சூடானது. ஆகவே கம்பனி மாறும்போது நம்பரை அப்படியே எடுத்துப் போட்டால் மோசம் போவீர்கள். என்.ஜி.கே. 5க்கு டென்சோ 16, 6க்கு 20, 7க்கு 22 என்று இணை பார்க்க வேண்டும்.

பிளக் முனை சுமார் 450 பாகைக்கு மேல் சூடானால்தான் தன்மேல் படிகிற கரியைத் தானே எரித்துத் துப்புரவாகும். 850 பாகையைத் தாண்டிப் போனால் பொறி வருமுன்பே அந்தச் சூட்டில் பெற்றோல் பற்றிக்கொள்ளும். பிஸ்டனில் ஓட்டை விழுவது அப்படித்தான். இந்த இரண்டு எல்லைக்கும் நடுவே நிற்பதுதான் பிளக்கின் வேலை. நீங்கள் பஸ் நிலையத்திலிருந்து ஆஸ்பத்திரி, அங்கிருந்து பள்ளிக்கூடம் என்று குட்டிக் குட்டி ஓட்டம் ஓடுகிறவர். எஞ்சின் சரியாகச் சூடாகும் முன்பே நிறுத்திவிடுகிறீர்கள். அதில் 8 போட்டால் இரண்டு கிழமையில் பிளக் கரி பிடித்துக் காலையில் இழுத்து இழுத்துக் கை வலிக்கும்.

*

கேள்வி: பிளக்கில் எழுதியிருக்கும் எழுத்துகளைப் படிப்பது எப்படி?
– தொழிற்பயிற்சி மாணவர், புத்தளம்

பதில்: கேட்டீர்களே, இதுதான் கேள்வி! என்.ஜி.கே. பிகேஆர்6இ-11 என்பதை எடுப்போம். ‘பி’ என்றால் மரையின் விட்டம் 14 மில்லிமீற்றர். ‘கே’ என்றால் 16 மில்லிமீற்றர் ஸ்பெனர் பிடிக்கும் தலை. ‘ஆர்’ என்றால் உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறது. 6 சூட்டு நம்பர். ‘இ’ என்றால் மரையின் நீளம் 19 மில்லிமீற்றர். கடைசி 11 என்பது பொறி இடைவெளி 1.1 மில்லிமீற்றர்.

இவற்றில் உயிர்போகிற எழுத்து நீளத்தைச் சொல்லும் எழுத்துத்தான். ‘எச்’ என்றால் 12.7 மில்லிமீற்றர், ‘இ’ என்றால் 19. எச் போட வேண்டிய இடத்தில் இ போட்டால் பிஸ்டன் வந்து பிளக்கில் இடிக்கலாம். இ போட வேண்டிய இடத்தில் எச் போட்டால் மிச்ச மரையில் கரி அடைத்து, அடுத்த தடவை சரியான பிளக் ஏறாது.

ரெசிஸ்டரையும் அலட்சியம் பண்ண வேண்டாம். சுமார் 5,000 ஓம் தடை அது. பொறியிலிருந்து கிளம்பும் மின் இரைச்சலை அடக்குகிறது. கொம்பியூட்டர் பெட்டி உள்ள வண்டியில் ‘ஆர்’ இல்லாத பிளக்கைப் போட்டால் சென்சர்கள் தடுமாறும். படகில் போட்டால் வானொலித் தொடர்பில் கரகரப்பு வரும்.

*

கேள்வி: நாலு கொம்பு வைத்த பிளக்கில் நாலு பொறி வருமா?
– வாசகர், குளியாப்பிட்டிய

பதில்: வராது. ஒரு நேரத்தில் ஒரு கொம்புக்குத்தான் பாயும், எது கிட்டவோ அதற்கு. தேய்மானம் நாலு கொம்புக்கும் பங்காகிறது என்பதே அதன் பலன்.

*

கேள்வி: பல்சரில் ஏன் இரண்டு பிளக்?
– மாணவர், ஆனமடுவ

பதில்: இரண்டு பக்கத்திலிருந்து ஒரே நேரத்தில் பற்றவைத்தால் எரியறை சீக்கிரம் முழுதாக எரியும். பஜாஜ் 2003இல் இந்த முறையைப் பல்சரில் கொண்டுவந்தது. பின்னர் 200என்எஸ் மாதிரியில் மூன்று பிளக் வைத்தார்கள். மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றைக் கண்ணில் படவில்லை என்று விட்டுவிடுகிற கராஜ்கள் உண்டு.

*

கேள்வி: மண்ணெண்ணெயில் ஓடும் 15 குதிரைவலு எஞ்சின். பிளக் அடிக்கடி செத்துப்போகிறது. படகுக்கு இரிடியம் போட்டால் தீருமா?
– கடற்றொழிலாளர், உடப்பு

பதில்: தீராது ஐயா. காரணத்தைச் சொன்னால் உங்களுக்கே விளங்கும்.

முதலாவது, உங்களுடையது இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். காரில் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி, உங்களுக்கு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி. நிமிடத்துக்கு 5,000 சுற்றில் 5,000 பொறி. கார்ப் பிளக்கைவிட இரண்டு மடங்கு உழைப்பு.

இரண்டாவது, எரிபொருளோடு ஒயிலும் சேர்ந்து எரிகிறது. அந்தக் கரித்துகள் நடு முனைக்கும் கொம்புக்கும் நடுவே முடிபோலப் பாலம் கட்டிக்கொள்ளும். பாலம் விழுந்தால் மின்சாரம் அதன் வழியே போய்விடும், பொறி வராது.

மூன்றாவது, மண்ணெண்ணெய். பெற்றோல்போல அது இலகுவில் ஆவியாகாது. குளிர்ந்த எஞ்சினில் துளித்துளியாகப் பிளக்கை நனைக்கும். அதனால்தான் பெற்றோலில் எழுப்பி, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்குத் திருப்ப வேண்டும் என்றும், கரைக்கு வந்து நிறுத்துமுன் மறுபடி பெற்றோலுக்குத் திருப்ப வேண்டும் என்றும் கைநூல் சொல்கிறது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியபோது கடற்றொழிலாளர் பட்ட பாட்டை இந்தக் கரை மறக்கவில்லை. பெற்றோலை மிச்சம் பிடிக்க வேண்டிய நெருக்கடி எனக்குத் தெரியாததல்ல. ஆனால் எழுப்பவும் நிறுத்தவும் செலவாகும் அந்தக் கொஞ்சப் பெற்றோல்தான் உங்கள் பிளக்கைக் காக்கிறது. அதில் கை வைக்காதீர்கள்.

நாலாவது, வலை இழுக்கும் நேரத்தில் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டுக்கொண்டே இருப்பது. அப்போது பிளக் 450 பாகையை எட்டுவதே இல்லை. வலை ஏறியதும் கொஞ்ச நேரம் வேகம் கொடுத்து ஓட்டினால் படிந்த கரி எரிந்துபோகும்.

கரி பிடித்தால் நிக்கலும் சாகும், இரிடியமும் சாகும். எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? பி7எச்எஸ், பி8எச்எஸ் போன்ற சாதாரண நிக்கல் பிளக் உங்கள் கைநூலில் இருந்தால் அதையே வாங்குங்கள். ஒரு இரிடியத்தின் விலைக்குப் பல நிக்கல் வரும். படகுக்கு அடிக்கடி மாற்றும் மலிவுப் பிளக்தான் பொருத்தம். ஒயில் கலவையைக் கண்மதிப்பில் ஊற்றாமல் அளந்து ஊற்றுங்கள்.

*

கேள்வி: பழைய பிளக்கைக் கம்பித் தூரிகையால் தேய்த்துப் போடலாமா?
– வாசகர், முந்தல்

பதில்: மரையைத் தேய்க்கலாம், வெள்ளைப் பீங்கானைத் தேய்க்கக் கூடாது. தூரிகையின் உலோகத்தூள் பீங்கானில் கோடுகோடாக ஒட்டிக்கொள்ளும். மின்சாரம் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு கசியும். இரிடியம் முனையில் தூரிகையே படக்கூடாது, ஊசி முனை முறிந்துவிடும். நடுக்கடலில் வேறு வழி இல்லையென்றால் துணியால் துடைத்து, உலர்த்திப் போட்டுக் கரை சேருங்கள். கரைக்கு வந்ததும் மாற்றிவிடுங்கள்.

*

கேள்வி: கழற்றிய பிளக்கைப் பார்த்தே எஞ்சினின் நோயைச் சொல்லிவிடுகிறார் எங்கள் ஊர் பாஸ். இது எப்படி?
– வாசகி, மாதம்பை

பதில்: அது கண்கட்டு வித்தை இல்லை, நல்ல அனுபவம். வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பதுபோலத்தான். நீங்களும் பழகலாம்.

பீங்கான் மூக்கு இளம் மண்ணிறத்தில், உலர்ந்து இருந்தால் எஞ்சின் சுகம். கை வைத்தால் ஒட்டும் உலர்ந்த கறுப்புப் புகைக்கரி என்றால் பெற்றோல் அதிகமாகிறது, அல்லது எயார் பில்டர் அடைத்திருக்கிறது, அல்லது வண்டி குட்டி ஓட்டமே ஓடுகிறது. ஈரமான கறுப்பும் பிசுபிசுப்பும் நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் தெரிந்தால் ஒயில் மேலே ஏறுகிறது. ரிங்கையோ வால்வு சீலையோ பார்க்க வேண்டும். சுண்ணாம்புபோல வெளுத்து, கொப்புளம் போட்டிருந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. இதைக் கண்டால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். பீங்கான் வெடித்திருந்தால் எஞ்சினில் தட்டல் இருக்கிறது, இல்லாவிட்டால் பிளக் கீழே விழுந்திருக்கிறது. சிவந்த செம்மண் நிறப் படிவு எரிபொருளில் கலந்த இரசாயனத்தைக் காட்டும்.

கழற்றும்போது எந்தப் பிளக் எந்தச் சிலிண்டர் என்று வரிசையாக வையுங்கள். நாலில் ஒன்று மட்டும் வேறு நிறம் என்றால் நோய் அந்தச் சிலிண்டரில்தான்.

*

கேள்வி: வீடு கடற்கரையில். உப்புக் காற்று பிளக்கைத் தின்னுமா?
– வாசகர், சிலாபம் கரையோரம்

பதில்: எரியறைக்குள் இருக்கும் முனைக்கு உப்புக் காற்றால் ஒன்றும் ஆகாது. வெளியே இருக்கும் பாகத்தைத்தான் பிடிக்கும். பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் வளையம் வளையமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மின்சாரம் மேற்பரப்பின் வழியே ஊர்ந்து உடம்புக்கு இறங்காதபடி பாதையை நீட்டுவதற்காக வைத்தது அது. அதன்மேல் உப்பும் ஈரமும் படிந்தால் மழைக்கால விடியலில் வண்டி இருமும். இரவில் பொனட்டைத் திறந்து பார்த்தால் சில வேளை நீலப் பொறி ஓடுவதும் தெரியும். பிளக் தொப்பியின் ரப்பர் வெடித்திருந்தால் மாற்றுங்கள். தொப்பியின் உள்விளிம்பில் சிலிக்கோன் கிறீஸ் மெலிதாகப் பூசுங்கள். எஞ்சின் ஆறிய பிறகு பீங்கானை உலர்ந்த துணியால் துடையுங்கள். இவ்வளவுதான் மருந்து.

*

கேள்வி: 95 ஒக்டேன் பெற்றோல் அடித்தால் இரிடியம் பிளக் கூடுதலாக வேலை செய்யுமா?
– வாசகர், ஹலவத்தை வீதி

பதில்: இரண்டுக்கும் முடிச்சுப் போடாதீர்கள். ஒக்டேன் என்பது பெற்றோல் தானாக வெடிக்காமல் பொறுத்திருக்கும் குணம். பிளக் அதைக் குறித்த நேரத்தில் பற்றவைக்கும் கருவி. கைநூல் 92 போதும் என்றால் 92 அடியுங்கள். ஆனால் பெற்றோலில் மண்ணெண்ணெய் கலந்தால் ஒக்டேன் விழும், எஞ்சின் தட்டும். அப்போது எந்தப் பிளக்கும் காப்பாற்றாது.

*

கேள்வி: போலிப் பிளக்கைக் கண்டுபிடிப்பது எப்படி?
– உதிரிப்பாகக் கடை ஊழியர், சிலாபம்

பதில்: கடைக்காரரே கேட்பது மகிழ்ச்சி. ஐந்து இடத்தைப் பாருங்கள். ஒன்று, பீங்கானில் உள்ள எழுத்து கூர்மையாக இருக்க வேண்டும், விரலால் தேய்த்தால் கலையக்கூடாது. இரண்டு, கொம்பு நடு முனைக்கு நேர் மேலே நிற்க வேண்டும், கோணலாக நிற்பது போலிக்கு அடையாளம். மூன்று, மரை சீராக, பிசிறில்லாமல் மின்ன வேண்டும். நாலு, வோஷர் லேசாகச் சுழலும், ஆனால் கவிழ்த்தால் கழன்று விழாது. ஐந்து, மல்ரிமீற்றரை மேல்முனைக்கும் நடு முனைக்கும் பிடியுங்கள். ‘ஆர்’ எழுத்துள்ள பிளக்கில் சில ஆயிரம் ஓம் காட்ட வேண்டும். பூச்சியம் காட்டினால் உள்ளே ரெசிஸ்டரே இல்லை. போலி இரிடியத்தைவிட அசல் நிக்கல் ஆயிரம் மடங்கு மேல்.

*

கேள்வி: கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஜப்பான் எஞ்சினில் கழற்றிய இரிடியம் பிளக் மலிவாகக் கிடைக்கிறதாம். வாங்கலாமா?
– வாசகர், கொஸ்வத்தை

பதில்: வேண்டாம். பஞ்சிகாவத்தையில் கதவு வாங்கலாம், விளக்கு வாங்கலாம். பிளக் ஓடி ஓடித் தேயும் பொருள். அது எத்தனை கோடிப் பொறி விட்டது என்று பார்த்துச் சொல்ல எவராலும் முடியாது. பீங்கானுக்குள் இருக்கும் மயிரிழை வெடிப்பும் கண்ணுக்குத் தெரியாது.

*

கேள்வி: என் ஸ்கூட்டர் பிளக்கை நானே மாற்றலாமா? ‘பொம்பிளைப் பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை’ என்கிறார் அப்பா.
– கல்லூரி மாணவி, உடப்பு

பதில்: தாராளமாக மாற்றலாம் தங்கச்சி. எஞ்சின் முழுக்க ஆறட்டும். பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை ஊதித் துடையுங்கள், இல்லாவிட்டால் அது உள்ளே விழும். பழையதைக் கழற்றி நம்பரைப் புதியதோடு ஒப்பிடுங்கள். இடைவெளியைக் கேஜ் தகட்டால் பாருங்கள். இரிடியம் என்றால் தகட்டை முனையில் அழுத்தாதீர்கள். புதியதை ஸ்பெனர் போடாமல் விரலாலேயே கடைசிவரை சுழற்றி ஏற்றுங்கள். இடையில் இறுகினால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது, திருப்பிக் கழற்றி மறுபடி ஏற்றுங்கள். வோஷர் உட்கார்ந்ததும் ஸ்பெனரால் அரைச் சுற்று. அதற்கு மேல் பலம் காட்டினால் அலுமினிய ஹெட்டின் மரை உரிந்து வரும். மரையில் கிறீஸ் பூசத் தேவையில்லை. முடிந்ததும் அப்பாவை ஒரு சுற்று ஏற்றிக்கொண்டு போய் வாருங்கள்.

*

கேள்வி: என் டீசல் வேனுக்கு எந்தப் பிளக் நல்லது?
– வாசகர், பள்ளம

பதில்: டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. காற்றை அழுத்திய சூட்டிலேயே டீசல் பற்றுகிறது. உங்கள் வேனில் இருப்பது குளிரில் எழுப்ப உதவும் ஹீட்டர் பிளக். அதை விற்க வந்து ‘இரிடியம்’ என்று சொல்பவரிடமிருந்து தள்ளி நில்லுங்கள்.

*

கேள்வி: ஸ்பார்க் பிளக்கைக் கண்டுபிடித்தவர் யார்?
– மாணவன், சிலாபம்

பதில்: ஒருவர் என்று சொல்ல முடியாது. 1860இல் எட்டியென் லெனுவார் பாரிஸில் செய்த வாயு எஞ்சினில் மின்பொறிப் பிளக் இருந்தது. நம்பி ஓட்டக்கூடியதாக அதை ஆக்கியது ஜேர்மனியில் ரொபர்ட் பொஷ் கம்பனியின் பொறியியலாளர் கொட்லொப் ஹொனோல்ட். 1902இல் உயரழுத்த மக்னீட்டோவோடு பிளக்கையும் சேர்த்துக் கொடுத்தார். வேகமான பெற்றோல் எஞ்சினுக்கு அதன் பிறகுதான் வழி திறந்தது.

*

கேள்வி: மின்சாரக் கார்கள் வந்துவிட்டன. பிளக்கைப் பற்றிப் படிப்பதில் இனிப் பயன் உண்டா?
– தொழிற்பயிற்சி மாணவர், சிலாபம்

பதில்: உண்டு. 1936இல் நகோயாவில் தொடங்கிய என்.ஜி.கே. ஸ்பார்க் பிளக் கம்பனியே 2023இல் ‘நிற்றெரா’ என்று பெயர் மாற்றி, வேறு தொழில்களுக்கும் தயாராகிறது. பிளக்கை மட்டும் இன்னமும் என்.ஜி.கே. என்ற பெயரிலேயே விற்கிறது. உலகம் போகும் திசை அது. ஆனால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய நம் நாடு, தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025இல்தான். அந்த ஐந்து வருடமும் பழைய வண்டியைச் சாகவிடாமல் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் உங்களைப் போன்ற கராஜ் பிள்ளைகள். அந்த வண்டிகள் இன்னும் நெடுங்காலம் ஓடும். நன்றாகப் படியுங்கள்.

*

கேள்வி: மகன் சின்னப் படகில் கடலுக்குப் போகிறான். எஞ்சின் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அவன் கொண்டுபோக வேண்டியது என்ன என்று மட்டும் சொல்லுங்கள்.
– ஒரு தாய், சிலாபம்

பதில்: அம்மா, இன்று வந்த கேள்விகளிலேயே பெரிய கேள்வி உங்களுடையது. காரில் பிளக் செத்தால் வீதியோரம் நிறுத்தலாம். சிலாபம் களப்பின் முகத்துவாரத்தில் மணல் மேட்டுக்கும் அலைக்கும் நடுவே எஞ்சின் நின்றால் படகு குறுக்கே திரும்பும், அடுத்த அலை அதைக் கவிழ்க்கும். அந்த இடத்தில் நிக்கலா இரிடியமா என்ற பேச்சுக்கே இடமில்லை. காய்ந்த பிளக் ஒன்று கையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

மகனிடம் இதைச் சொல்லுங்கள். எஞ்சினுக்குரிய நம்பரிலேயே, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒன்றாகப் புதுப் பிளக்குகள். இடைவெளியைக் கரையிலேயே சரிபார்த்து, இறுக மூடும் வாயகன்ற போத்தலில் போட வேண்டும். அதோடு பிளக் ஸ்பெனர், ஒரு காய்ந்த துணி. போத்தலைக் கயிற்றால் படகோடு கட்டிவைக்க வேண்டும். ஒரு பிளக்கைப் பாவித்துவிட்டால் மறுநாள் கடலுக்குப் போகுமுன் புதியது வாங்கி அந்த இடத்தை நிரப்ப வேண்டும்.

இதைப் படிக்கும் படகுக்காரர் ஒவ்வொருவரிடமும் என் வேண்டுகோள் இதுதான். நாளை காலை படகைத் தள்ளுமுன் அந்தப் போத்தல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கடை திறக்கும்வரை பொறுத்து, வாங்கிக்கொண்டே புறப்படுங்கள்.